கோல்கீப்பரின் மனம்

பதினொருவர் ஆடும் ஆட்டத்தில் பத்துப் பேர் பந்தைத் தேடி ஓடுகிறார்கள். ஒருவர் மட்டும் பந்து தம்மிடம் வரும்வரை காத்து நிற்கிறார். முன்கள வீரர் பத்து வாய்ப்புகளை வீணாக்கிவிட்டுப் பதினோராவதில் கோல் அடித்தால் அன்றைய நாயகன் அவரே. கோல்கீப்பர் பத்துப் பந்துகளைத் தடுத்துவிட்டுப் பதினோராவதை விட்டால், அந்தப் பதினோராவது மட்டுமே ஊராருக்கு நினைவிருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் நிற்பவர் தம் மனத்தை எவ்வாறு ஒருமுகப்படுத்துவது? ஒரு கோல் விழுந்தபின் சோர்ந்துவிடாமல் எவ்வாறு மீண்டும் நிற்பது? விளையாட்டு உளவியலார் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் கேள்விகள் இவை. மனத்தைப் பற்றி யோக சூத்திரமும் கீதையும் கூறுவனவற்றைப் பயின்றவர்களுக்கு இவை புதியவையல்ல.

1897 பிப்ரவரியில் சென்னையில் ஆற்றிய சொற்பொழிவில் சுவாமி விவேகானந்தர் இளைஞர்களிடம் கால்பந்தைப் பற்றிக் கூறியது பலரும் அறிந்ததே. அது பெரும்பாலும் உடல் வலிமைக்கான அறிவுரையாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. அவரது நோக்கமும் அதுதான். ஆயினும் கோல்கம்பங்களுக்கு நடுவே நிற்பவருக்கு உடல் வலிமை பாதி வழிவரைதான் துணை வரும்.

காத்திருத்தல் என்னும் வேலை

கோலார் தங்கவயலில் உள்ள ஊரிகம் காத்திருத்தலை அறிந்த ஊர். 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் இப்பகுதியில் சுரங்கப் பணியைக் கையில் எடுத்தபின், தமிழகத்திலிருந்தும் ஆந்திரப் பகுதிகளிலிருந்தும் தொழிலாளர் குடும்பங்கள் வந்து குடியேறின. ஆங்கிலேயர்கள் கொண்டுவந்த கால்பந்தும் ஹாக்கியும் சுரங்கக் குடியிருப்புகளுக்குள்ளும் பரவின. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் இன்னும் நிற்கின்றன. வேலைக்காக நாள்தோறும் ரயிலில் பெங்களூர் சென்று திரும்பும் ஊராகத் தங்கவயல் மாறிவிட்டது. பிள்ளைகளின் ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. எல்லா ஊர்களையும் போலவே அங்கும், அணி பிரிக்கும்போது கோலில் நிற்க ஒருவரும் முன்வருவதில்லை. வயதில் சிறியவனையோ ஓட முடியாதவனையோ அங்கே நிறுத்துவார்கள். மனத்துக்கு மிகக் கடினமான இடத்தைப் பயிற்சி மிகக் குறைந்தவனிடம் ஒப்படைக்கும் வழக்கம் இது.

அதே தங்கவயலில் வேறொரு காத்திருப்பும் நிகழ்ந்தது. 1960களின் தொடக்கத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் காஸ்மிக் கதிர்களை அளக்கும் கருவிகளை வைத்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், வாரக்கணக்கில் ஒரு துகளும் பதிவாகவில்லை. அந்த அமைதியையே அவர்கள் பயனுள்ள செய்தியாக எடுத்துக்கொண்டார்கள். மற்றத் துகள்களின் தொந்தரவு அவ்வளவு குறைந்த இடத்தில் அரிதான நியூட்ரினோவைத் தேடலாம் என்று துணிந்தார்கள். இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் கூடி நடத்திய சோதனையில், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவின் அடையாளம் 1965-இல் அங்கே கிடைத்தது.

கருவி எத்தனை வாரமானாலும் அயராமல் காத்திருக்கும். மனித மனத்தால் அது இயலாது. இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், நேரம் செல்லச் செல்ல எதிரி நீர்மூழ்கிக் கப்பலின் குறியைக் கவனிக்கத் தவறினார்கள். இதன் காரணத்தை ஆராய்ந்த நார்மன் மாக்வொர்த் என்ற பிரிட்டிஷ் உளவியலார், கடிகார முள் போன்ற ஒன்றைச் சுழலவிட்டு, அது எப்போதாவது இரட்டைத் தாவலாகத் தாவும்போது மட்டும் குறிப்பிடுமாறு கூறினார். 1948-இல் வெளியான அவரது முடிவின்படி, முதல் அரைமணி நேரத்துக்குள்ளாகவே கவனம் தெளிவாகக் குறைந்துவிடுகிறது. சோம்பல் இதற்குக் காரணமன்று. எதுவும் நிகழாத இடத்தில் நிலைத்திருக்க மனம் பழகவில்லை.

எனவே, ‘தொண்ணூறு நிமிடமும் கவனமாக இரு’ என்று கோல்கீப்பரிடம் கூறுவது நடைமுறைக்கு ஒவ்வாத அறிவுரை. தேர்ந்த பயிற்சியாளர்கள் அவ்வாறு கூறுவதில்லை. கவனத்தை அலைபோல் விரிக்கவும் குவிக்கவும் கற்றுக்கொடுக்கிறார்கள். பந்து எதிரணியின் பாதியில் இருக்கும்போது கோல்கீப்பரின் பார்வை விரிந்திருக்க வேண்டும்: தம் அணியினர் எங்கே நிற்கிறார்கள், காற்று எப்பக்கம் வீசுகிறது, எதிரணியின் எந்த வீரர் தனியே விடப்பட்டிருக்கிறார் என்பவற்றைப் பார்க்கலாம், தோள்களைத் தளர்த்தலாம், ஓரிரு அடி நடக்கலாம். பந்து நடுக்கோட்டைக் கடந்ததும் கவனம் குவியத் தொடங்குகிறது. உதைக்கப்படும் நொடியில் பந்தைத் தவிர வேறெதுவும் இல்லை. நடுக்கோடு இங்கே ஒரு மணியோசைபோல் பயன்படுகிறது. ஆட்டத்தில் இயல்பாகவே நிகழும் ஒன்றை மனத்துக்கு அழைப்பாக அமைத்துக்கொண்டால், ‘கவனம், கவனம்’ என்று தனக்குத்தானே கட்டளையிட்டுக் களைத்துப்போக வேண்டியதில்லை.

கோல்கீப்பர் தம் அணியினருக்கு உரக்கக் குரல் கொடுப்பதும் இதில் அடங்கும். பின்கள வீரர்களை ஒழுங்குபடுத்துவது அதன் முதற்பயன். பார்த்ததை உடனுக்குடன் வாயால் சொல்பவரின் மனம் வேறெங்கும் போய்விடாது என்பது இரண்டாவது.

எங்கே பார்ப்பது?

மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதைப் பதஞ்சலி தாரணை என்கிறார். அந்த ‘ஓரிடம்’ எது என்பது கோல்கீப்பருக்கு மிகவும் நடைமுறையான கேள்வி. பெனால்டி உதை பதினொரு மீட்டர் தூரத்திலிருந்து அடிக்கப்படுகிறது. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து கோட்டைத் தொட ஏறக்குறைய 0.4 வினாடி போதும். கோலின் அகலமோ 7.32 மீட்டர். பந்து புறப்பட்டபின் பார்த்துத் தீர்மானிக்க நேரமில்லை. புறப்படுவதற்கு முன்பே குறிப்பறிய வேண்டும்.

நெதர்லாந்தைச் சேர்ந்த சாவல்ஸ்பர்க் குழுவினர் 2002-இல், பெனால்டி உதைகளின் படக்காட்சியைப் பார்க்கும் கோல்கீப்பர்களின் கண் அசைவைப் பதிவு செய்தார்கள். அனுபவம் குறைந்தவர்களின் பார்வை உதைப்பவரின் உடற்பகுதி, கைகள், இடுப்பு என்று அலைந்தது. தேர்ந்தவர்களின் பார்வை குறைந்த இடங்களில், நீண்ட நேரம் தங்கியது. உதைக்கும் கால், ஊன்றும் கால், பந்து ஆகியவற்றையே பெரிதும் நாடியது. ஊன்றும் காலின் பாதம் திரும்பும் திசை பல நேரங்களில் பந்தின் திசையையும் காட்டிவிடுகிறது. கனடாவைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் இதையொத்த ஒன்றைப் பல விளையாட்டுகளில் கண்டு அதை ‘அமைதியான கண்’ என்று அழைத்தார். செயலுக்குச் சற்று முன்பு பார்வை ஒரு புள்ளியில் அசையாது தங்கும் காலம், திறமையாளர்களிடம் அதிகமாக இருக்கிறது. பனிக்கள ஹாக்கி கோல்கீப்பர்களிடம் நடத்திய ஆய்விலும் அவர் இதைக் கண்டார்.

கீதையின் ஆறாம் அத்தியாயம் யோகியின் மனத்தைக் காற்றில்லாத இடத்தில் எரியும் விளக்குக்கு ஒப்பிடுகிறது. கோல்கீப்பருக்கு அந்த வசதி இல்லை. அவரது விளக்கு காற்று வீசும் இடத்தில்தான் எரிந்தாக வேண்டும். பின்னாலிருந்து கூச்சல், முன்னால் எதிரணியினரின் ஏமாற்று அசைவுகள், உள்ளே சென்ற ஆட்டத்தின் நினைவு. அமைதியான அறையில் மூச்சைக் கவனித்துப் பழகியவர்கூட ஆடுகளத்தில் தடுமாறுவது இதனால்தான். பயிற்சியின் முதற்கட்டம் அமைதியில் தொடங்கலாம். பின்னர் சத்தத்துக்கு நடுவிலும் அதையே செய்து பார்க்க வேண்டும்.

சுரங்கத் தொழிலாளர் பணியிடத்துக்குள் நுழைந்ததும் தலைக்கு மேலுள்ள பாறையைக் கம்பியால் தட்டி ஓசை கேட்பது வழக்கம். இறுகிய பாறை ஒருவிதமாகவும், பிடிப்பு விட்ட பாறை வேறுவிதமாகவும் ஒலிக்கும். இச்செயல் உயிரைக் காக்கிறது. மற்றொரு வேலையையும் செய்கிறது: வீட்டு நினைவோடு இறங்கி வந்தவரின் மனத்தை வேலையிடத்துக்கு அழைத்து வருகிறது. கோல்கீப்பர்கள் பெனால்டிக்கு முன்பு கையுறையை இறுக்குவதும், இரு கம்பங்களையும் தொட்டுவிட்டு நடுவே வந்து நிற்பதும், ஒரு நீண்ட வெளிமூச்சு விடுவதும் இவ்வகையைச் சேர்ந்தவை. நாள்தோறும் மாறாத வரிசையில் செய்தால்தான் இவற்றுக்குப் பயன் உண்டு. இவற்றைத் தாயத்துபோல் கருதத் தொடங்கினால் கேடு. ‘இன்று இடது கம்பத்தைத் தொட மறந்துவிட்டேன், அதனால் கோல் விழும்’ என்று அஞ்சுபவர் பயிற்சி செய்யவில்லை, மூடநம்பிக்கையைத்தான் வளர்க்கிறார். கோல் விழாதிருப்பதற்காக இறைநாமத்தைச் சொல்வதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அசையாதிருக்கும் துணிவு

இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர்கள் பார்-எலி, அசார் முதலியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, சிந்திப்பவர் எவரையும் சற்று நிறுத்தும். அவர்கள் 286 பெனால்டி உதைகளை ஆராய்ந்தார்கள். உதைகளில் ஏறக்குறைய 29 விழுக்காடு கோலின் நடுப்பகுதியை நோக்கி வந்தன. ஆனால் கோல்கீப்பர்கள் நடுவிலேயே நின்றது 6 விழுக்காட்டு உதைகளில் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் இடமோ வலமோ பாய்ந்தார்கள். நடுவில் நின்ற மிகச் சில தருணங்களில் மூன்றில் ஒரு பங்கு உதைகள் தடுக்கப்பட்டன. பாய்ந்தபோது ஏழில் ஒன்றுக்கும் எட்டில் ஒன்றுக்கும் இடைப்பட்ட அளவே.

பிறகு ஏன் பாய்கிறார்கள்? பாய்ந்து விட்டால், ‘முயன்றார், முடியவில்லை’ என்பார்கள். நின்றபடியே விட்டால், ‘மரம்போல் நின்றார்’ என்பார்கள். இரண்டிலும் கோல் ஒன்றுதான். பழி மட்டும் வேறு. ஆக, உடலைப் பாயச் செய்வதில் பந்தின் திசையைவிடப் பழிக்கு அஞ்சும் மனத்துக்குப் பங்கு அதிகம். கர்மத்தில் அகர்மத்தையும் அகர்மத்தில் கர்மத்தையும் காண்பவனே அறிவாளி என்னும் கருத்தைக் கீதையின் நான்காம் அத்தியாயம் கூறுகிறது. உரையாசிரியர்கள் பல நூற்றாண்டுகளாக அதை விவாதித்துவருகிறார்கள். பாய்வது வெளிப்பார்வைக்குச் செயல். ஆயினும் அச்சம் இழுத்த இழுப்பில் அது நிகழ்ந்தால் அங்கே செய்பவர் யார்? அரை வினாடி அசையாது நின்று பார்ப்பது வெளிப்பார்வைக்குச் செயலின்மை. உள்ளே அதற்குத் தேவைப்படும் முயற்சியோ மிகப் பெரிது. வேதாந்த வகுப்பில் இதைவிட எளிய உதாரணம் கிடைப்பது அரிது.

இந்த எண்களைக் கொண்டு, எப்போதும் நடுவிலேயே நிற்பதுதான் வழி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எல்லாக் கோல்கீப்பர்களும் நின்றால் உதைப்பவர்கள் உடனே ஓரங்களுக்கு மாறிவிடுவார்கள். பாய்வதா நிற்பதா என்பதை அச்சம் தீர்மானிக்கிறதா, கண் தீர்மானிக்கிறதா என்பதே இங்கே ஆராய வேண்டியது.

கோல் விழுந்தபின்

கோல் விழுந்ததும் பந்தை வலையிலிருந்து எடுத்து நடுக்களத்துக்கு அனுப்பும் அந்த அரை நிமிடமே கோல்கீப்பரின் வாழ்வில் மிக நீண்டது. ‘அதை நினைக்காதே’ என்று நண்பர்கள் தோளைத் தட்டுவார்கள். நல்ல எண்ணத்தில் கூறப்படும் இந்த அறிவுரை வேலை செய்வதில்லை. அமெரிக்க உளவியலார் டேனியல் வெக்னர் 1987-இல் சிலரிடம், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதிருக்குமாறு கூறிச் சோதித்தார். கரடி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. விலக்க வேண்டிய எண்ணம் வந்துவிட்டதா என்று சோதித்துப் பார்ப்பதற்காகவே மனம் அதை உள்ளே வைத்துக்கொள்கிறது.

தீய எண்ணங்கள் தொல்லை தரும்போது அவற்றின் எதிர்ப்பக்கத்தை எண்ணுமாறு யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதம் அறிவுறுத்துகிறது. இதுவே பிரதிபக்ஷ பாவனை. விரட்டு என்று பதஞ்சலி கூறவில்லை; அந்த இடத்தில் வேறொன்றை வை என்கிறார். ஆடுகளத்தில் இதன் பொருள் என்ன? ‘நான் மிகச் சிறந்த கோல்கீப்பர்’ என்று சொல்லிக்கொள்வதைச் சில நூல்கள் பரிந்துரைக்கின்றன. சற்றுமுன் கால்களுக்கிடையே பந்தை விட்டவருக்கு அது பொய்யாகவே ஒலிக்கும். பொய் என்று மனம் அறிந்த ஒன்று அதற்கு ஆறுதல் தராது. அடுத்துச் செய்ய வேண்டிய செயலைச் சுட்டும் சிறிய சொல்லே பயன் தருகிறது: ‘பந்தைப் பார்’, ‘முன்னால் வா’, ‘கை தாழ்த்து’. இத்தகைய சொற்கள் செயல்திறனைக் கூட்டுவதை விளையாட்டு உளவியல் ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ‘இடப்பக்கம் விட்டுவிடாதே’ என்ற எதிர்மறைச் சொல் இடப்பக்கத்தையே மனத்தில் வரைகிறது. அதைத் தவிர்க்க வேண்டும்.

மூச்சும் துணை நிற்கும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது என்பது உடலியல் உண்மை. மூச்சை வெளியே விட்டு நிறுத்துவதும் மனத் தெளிவுக்கு ஒரு வழி என்று பதஞ்சலி முதல் பாதத்திலேயே குறிப்பிடுகிறார். உள்மூச்சைவிட இருமடங்கு நீளமாக மூன்று வெளிமூச்சு; பிறகு செயலைச் சுட்டும் அந்த ஒரு சொல்; பிறகு கோல்கோட்டுக்குத் திரும்புதல். எந்த மைதானத்திலும் ஒரு சிறுவனால் இதைப் பழக முடியும்.

தமிழர்களில் இந்திய அணியின் கோலைக் காத்து ஆசியப் புகழ் பெற்றவர் பீட்டர் தங்கராஜ். தொடக்கத்தில் முன்கள வீரராக ஆடியவர். ராணுவத்தின் மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் சேர்ந்தபின் கோல்கீப்பரானார். 1956, 1960 ஒலிம்பிக் அணிகளில் இடம் பெற்றார். 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் அரையிறுதியில் இந்தியாவின் கோலில் நின்றவர் பிரத்யுத் பர்மன். தென் கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் மீண்டும் தங்கராஜை நிறுத்தினார். அரங்கை நிறைத்த பெருங்கூட்டம் அன்று இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தது. பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் முதல் பாதியிலேயே கோல் அடித்துவிட, அதன்பின் முன்னிலையைக் காக்கும் பொறுப்பு பின்னால் நின்றவர்களுடையதாயிற்று. ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியா ஒரு கோல் அடித்தது. மனம் தளர்வதற்கு அதைவிட ஏற்ற நேரம் இல்லை. எஞ்சிய நிமிடங்களில் இரண்டாவது கோல் விழவில்லை. 2-1 என்ற கணக்கில் இந்தியா தங்கம் வென்றது. தங்கராஜுக்கு 1967-இல் அர்ஜுனா விருது வழங்கப்பட்டது. 2008-இல் அவர் மறைந்தார்.

அண்மைக் காலத்தில் கேரளத்தைச் சேர்ந்த ஹாக்கி கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ், 2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில், ஜெர்மனிக்கு எதிராக 5-4 என்று முன்னிலையில் இருந்தபோது, சில வினாடிகளே எஞ்சிய நிலையில் வந்த பெனால்டி கார்னரைத் தடுத்தார். ஆட்டத்தில் அதற்கு முன் நான்கு கோல்கள் அவரைக் கடந்து சென்றிருந்தன. ஐந்தாவதைத் தடுக்க வந்தவர் அந்த நான்கையும் சுமந்துகொண்டு நின்றிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். 2024-இல் பாரிஸில் பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் பெரும்பகுதி நேரம் இந்தியா பத்துப் பேருடன் ஆடி 1-1 என்று சமன் செய்தது. ஷூட்-அவுட்டில் 4-2 என வென்றது. இரு ஒலிம்பிக்கிலும் இந்தியா வெண்கலம் பெற்றது.

பலனும் பழியும்

செயலில்தான் உரிமை, பலனில் இல்லை என்னும் கீதையின் கருத்தை விளையாட்டு வீரர்களிடம் கூறும்போது ஒரு தவறு நிகழ்வதுண்டு. ‘வெற்றி தோல்வி பற்றிக் கவலைப்படாதே’ என்று அது சுருக்கப்படுகிறது. கவலையே இல்லாதவர் கோலில் நிற்கத் தகுதியற்றவர். பந்து புறப்படும் முன் எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எப்போது முன்னேறுவது ஆகியவை கோல்கீப்பரின் கையில் உள்ளன. அவற்றில் முழு அக்கறை வேண்டும். பந்து பின்கள வீரரின் காலில் பட்டுத் திசை மாறுவது அவர் கையில் இல்லை.

இவ்வேறுபாட்டை வீரர் அறிந்தால் மட்டும் போதாது. பார்ப்பவர்களும் அறிய வேண்டும். 1950 ஜூலை 16 அன்று ரியோ நகரில் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்க, உருகுவேயின் கிஜியா வலப்பக்கமாக ஓடிவந்தார். சற்று முன்பு இதேபோல் வந்து அவர் நடுவே தட்டிய பந்துதான் முதல் கோலானது. பிரேசிலின் கோல்கீப்பர் மொயசிர் பார்போசா இம்முறையும் அதையே எதிர்பார்த்து ஓரடி நகர்ந்தார். பந்து கம்பத்துக்கும் அவருக்கும் இடையே நுழைந்தது. உலகக் கோப்பை போயிற்று. அவர் முடிவெடுத்த முறையில் பெரிய தவறில்லை. ஆயினும் 2000-ஆம் ஆண்டில் இறக்கும்வரை அந்நாட்டு மக்கள் அவரை மன்னிக்கவில்லை. தம் நாட்டுச் சட்டத்தில் உச்ச தண்டனை முப்பது ஆண்டுதான், தாமோ ஐம்பது ஆண்டாக அனுபவிப்பதாக அவர் முதுமையில் கூறினார்.

சிறுவர்களுக்குப் பயிற்சி அளிப்பவர்கள் இதை மனத்தில் கொண்டு, கோல் விழுந்தபின் கேட்கும் முதல் கேள்வியை மாற்றிக்கொள்ளலாம். ‘ஏன் விட்டாய்?’ என்ற கேள்விக்கு எந்தச் சிறுவனிடமும் பதில் இல்லை. ‘பந்து புறப்பட்டபோது நீ எங்கே நின்றாய்? எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்?’ என்று கேட்டால் அவன் யோசித்துப் பதில் கூறுவான். அந்தப் பதிலை ஆட்டம் முடிந்தபின் ஒரு நோட்டில் இரண்டு வரியாக எழுதிவைக்கச் செய்யலாம். தடுத்த பந்துகளைப் பற்றியும் அதேபோல் இரண்டு வரி. ஊரிகம் போன்ற ஊர்களின் மைதானங்களில், அணியிலுள்ள ஒவ்வொருவரும் வாரத்தில் ஒருநாள் பத்து நிமிடமாவது கோலில் நின்றாக வேண்டும் என்று விதித்தால், பந்தை விட்டவனைத் திட்டும் வழக்கம் சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும்.